அயலவரின் உறக்கமும் எமது ஒலிபெருக்கியும்

ஒருவர் தமது வீட்டுக் குப்பையை அயல்வீட்டு வளவினுள் கொட்டினால் அது உடனே வழக்காகிவிடும். கிராம உத்தியோகத்தர் வருவார், அயலவர் கூடுவர், கொட்டியவர் அள்ள வேண்டி வரும். ஆனால் ஒருவர் தமது சத்தத்தை நூறு வீடுகளுக்குள் கொட்டினால் பெரும்பாலும் எவரும் வாய் திறப்பதில்லை. இதற்கு இரண்டு காரணங்களை நாம் காண்கிறோம்.

முதலாவது, ஒலி தடயம் விட்டுச் செல்வதில்லை. விடிந்தபின் அதைச் சுட்டிக்காட்ட முடியாது. இரண்டாவது, எமது ஊர்களில் பெருஞ்சத்தம் பெரும்பாலும் நல்ல காரியங்களோடு சேர்ந்தே வருகிறது. கோயில் கொடியேற்றம், ஆலயத் திருவிழா, பள்ளிவாசல் பயான், விகாரையின் பிரித், கல்யாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, விளையாட்டுப் போட்டி என்று பட்டியல் நீளும். சத்தத்தைப் பற்றி முறையிடுபவர் அந்த நல்ல காரியத்தையே எதிர்ப்பவராகப் பார்க்கப்படுகிறார். சொந்தச் சமயத்தவரின் ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொன்னால் அவர் துரோகி. பிற சமயத்தவரின் ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொன்னால் அவர் இனத்துவேஷி. ஆகவே இரவு வேலை முடித்து வந்த தாதியும், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், பாரிசவாதத்தால் படுக்கையில் கிடக்கும் பெரியவரும், கைக்குழந்தையுடன் இருக்கும் தாயும் மௌனமாகவே இருந்துவிடுகின்றனர்.

இந்த மௌனத்தை அயலுறவு கெடாமல் கலைப்பது எப்படி என்பதே இப்பாடத்தின் நோக்கம். வழமைபோலப் பார்த்தல், ஆராய்தல், செயற்படுதல் என்னும் மூன்று படிகளில் சிந்திப்போம்.

1. பார்ப்போம்: ஒலி எப்படிப் பரவுகிறது?

ஒலியின் அளவை டெசிபெல் என்னும் அலகால் குறிப்பிடுகின்றனர். இருவர் சாதாரணமாக உரையாடும்போது ஏறத்தாழ 60 டெசிபெல் இருக்கும். இந்த அலகை நாம் சாதாரண எண்கணக்கைப் போல விளங்கிக்கொள்ளக் கூடாது. 3 டெசிபெல் கூடினால் ஒலியின் சக்தி இரண்டு மடங்காகிறது. 10 டெசிபெல் கூடினால் சக்தி பத்து மடங்காகிறது. காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு உரப்பாகக் கேட்கும்.

இன்னொரு விதியும் உண்டு. தடையற்ற வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. இதை வைத்து ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். கோபுரத்திலோ, மணிக்கூட்டுக் கோபுரத்திலோ, பனை மரத்திலோ கட்டப்பட்ட கூம்பு ஒலிபெருக்கி ஒன்று, ஒரு மீற்றர் தூரத்தில் 110 டெசிபெல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 16 மீற்றரில் அது 86 ஆகும். 128 மீற்றரில் 68 ஆகும். ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் 50 டெசிபெல் இருக்கும். மரங்களும் மதில்களும் காற்றும் நடைமுறையில் இதைச் சற்றுக் குறைக்கலாம். ஆனாலும் கூம்பைக் கட்டியவர் நினைப்பதைவிட அதன் எல்லை மிகப் பெரியது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இப்போது வேறொரு முறையைப் பார்ப்போம். கூம்பை இறக்கிவிட்டு, மண்டபத்தின் உள்ளே நான்கு சிறிய பெட்டி ஒலிபெருக்கிகளைச் சனங்களை நோக்கி வைக்கிறோம். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் 8 மீற்றர் தூரத்தில் இருப்பவருக்கு 75 டெசிபெல் கேட்டால் போதும். பேச்சும் பாட்டும் தெளிவாக விளங்கும். இந்த ஏற்பாட்டில் 128 மீற்றருக்கு அப்பால் உள்ள வீட்டில், நான்கு பெட்டிகளின் ஒலியும் சேர்ந்து ஏறத்தாழ 57 டெசிபெல்தான். சுவர்கள் அதை இன்னும் குறைக்கும். வழிபட வந்தவருக்கு எந்தக் குறையும் இல்லை. வராதவருக்குத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. ஆகவே ஒலிக் கட்டுப்பாடு என்பது வழிபாட்டையோ விழாவையோ நிறுத்துவதல்ல. ஒலிபெருக்கியின் இடத்தையும் திசையையும் அளவையும் மாற்றுவது.

ஒலிபெருக்கி மட்டுமே பிரச்சினையல்ல. அரிசி ஆலை, மரக்காலை, உலோகப் பட்டறை, மின்பிறப்பாக்கி, தனியார் பஸ்களின் ஹோர்ன், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கவரும் முச்சக்கரவண்டி, கடைவாசலில் நாள் முழுவதும் ஒலிக்கும் விளம்பரம், சீனவெடி ஆகியனவும் ஒரு சிறு நகரத்தின் ஒலிக் கணக்கில் சேர்கின்றன.

2. ஆராய்வோம்: உடலுக்கு என்ன நேர்கிறது?

85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் வேலை செய்வதே பாதுகாப்பான எல்லை என்று தொழிற் சுகாதார நிபுணர்கள் கொள்கின்றனர். 88 டெசிபெல் என்றால் நான்கு மணித்தியாலம். 100 டெசிபெல் என்றால் ஏறத்தாழ கால் மணித்தியாலம் மட்டுமே. ஆலைத் தொழிலாளியும், ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் இளைஞரும், விழாவில் பெட்டியின் முன்னால் ஆடும் பிள்ளைகளும் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுகின்றனர். உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் அவை மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

அயலவருக்கு ஏற்படும் தீங்கு வேறு வகையானது. அவருடைய காது கெடாவிட்டாலும் உறக்கம் கெடுகிறது. உறங்குபவர் விழிக்காவிட்டாலும், சத்தம் வரும்போது அவரது இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, படுக்கையறைக்குள் 30 டெசிபெலும் வகுப்பறைக்குள் 35 டெசிபெலும் என்று எல்லை குறித்தது. அதே நிறுவனத்தின் ஐரோப்பியப் பணியகம் 2009ஆம் ஆண்டில், இரவில் வீட்டுக்கு வெளியே 40 டெசிபெலைத் தாண்டாதிருப்பது நல்லது எனப் பரிந்துரைத்தது.

எமது பிரதேசங்களுக்கு உரிய ஒரு காரணமும் உண்டு. 2009ஆம் ஆண்டுவரை செல்லும் குண்டும் விழுந்த ஊர்களில் வாழ்ந்தவர்கள் இன்னமும் எம்மிடையே இருக்கின்றனர். எதிர்பாராத வெடிச் சத்தம் அவர்களில் சிலருக்குப் பழைய நாட்களை நொடியில் திருப்பிக் கொண்டுவருகிறது. திருவிழாவில் கொளுத்தும் சீனவெடி எல்லோருக்கும் திருவிழாவாகக் கேட்பதில்லை.

3. எமது நாட்டில் உள்ள விதிகள்

பலர் நினைப்பதுபோல, சத்தத்துக்குச் சட்டம் இல்லை என்பது உண்மையல்ல. நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம். இதன் 80ஆம் பிரிவின்படி ஒலிபெருக்கி பாவிப்பதற்குப் பொலிஸ் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். நிபந்தனையை மீறினால் பொலிசார் பாவனையை நிறுத்தவும் கருவிகளைத் தடுத்துவைக்கவும் முடியும்.

இரண்டாவது, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். இதன்கீழ் 1996ஆம் ஆண்டு மே மாதம் 23ஆந் திகதி வெளியான வர்த்தமானியில் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரசுரிக்கப்பட்டன. காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை பகல் எனவும், எஞ்சிய நேரம் இரவு எனவும் கொண்டு, ஒலி எழும் காணியின் எல்லையில் இருக்கக்கூடிய உச்ச அளவுகளை அவை விதிக்கின்றன:

- பிரதேச சபைப் பகுதி: பகலில் 55, இரவில் 45 டெசிபெல்.
- நகர சபை, மாநகர சபைப் பகுதி: பகலில் 63, இரவில் 50 டெசிபெல்.
- அங்கீகரிக்கப்பட்ட கைத்தொழில் வலயம்: பகலில் 70, இரவில் 60 டெசிபெல்.
- அமைதி வலயம்: பகலில் 50, இரவில் 45 டெசிபெல்.

நீதிமன்றம், வைத்தியசாலை, பொது நூலகம், பாடசாலை, புனித பிரதேசம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரையுள்ள இடமே அமைதி வலயம். கட்டட வேலைகளுக்குத் தனியான அளவுகள் உண்டு. ஆலைகளையும் பட்டறைகளையும் பொறுத்தவரை, சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமே முக்கிய பிடி. சிறு கைத்தொழில்கள் பலவற்றுக்கு இதை உள்ளூராட்சி மன்றமே வழங்குகிறது. ஆகவே அனுமதியைப் புதுப்பிக்கும் வேளையில் ஒலித் தடுப்புச் சுவர், வேலை நேரம் என்பவற்றை நிபந்தனையாக்கலாம்.

மூன்றாவது, பொதுத் தொல்லை பற்றிய சட்டம். தண்டனைச் சட்டக்கோவை பொதுத் தொல்லையைக் குற்றமாக்குகிறது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்கீழ், தொல்லையை நீக்கும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம்.

நான்காவது, உள்ளூராட்சி மன்றத்தின் உபவிதிகள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும், நகர, மாநகர சபைகளுக்கான கட்டளைச் சட்டங்களும் உபவிதிகள் ஆக்கும் அதிகாரத்தை மன்றங்களுக்கு வழங்கியுள்ளன. மன்றம் நிறைவேற்றி, உரிய அமைச்சர் அங்கீகரித்து, வர்த்தமானியில் வெளியானதும் உபவிதி சட்ட வலுப் பெறுகிறது.

4. சமய ஒலிக்கு விலக்கு உண்டா?

இக்கேள்வியை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். இலங்கை உயர் நீதிமன்றம் 1895ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை கூறிவிட்டது. சமயச் சடங்கின்போது எழுந்த சத்தம் பற்றிய வழக்கில், வழிபாடு நடத்துகிறோம் என்பதால் அயலவருக்குத் தொல்லை கொடுக்கும் உரிமை எவருக்கும் வந்துவிடாது என்று பிரதம நீதியரசர் பொன்சர் தீர்ப்பளித்தார்.

சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கி, இசைக்கருவிகள் பற்றிக் குடியிருப்பாளர் சங்கம் ஒன்று முறையிட்டது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அந்நீதிமன்றம் சபையின் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மற்றவரின் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கியாலும் முரசாலும் செபிக்க வேண்டுமென எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பது அதன் கருத்து. சிறுவர், முதியோர், நோயாளர், மாணவர் ஆகியோரின் அமைதியை நீதிமன்றம் சிறப்பாகக் குறிப்பிட்டது.

எமது நாட்டில் 2007ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம் முக்கியமான பணிப்புரைகளை வழங்கியது. வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த அடிப்படை உரிமை வழக்கு அது. ஆனால் பணிப்புரைகள் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியவையல்ல. ஒலிபெருக்கி பாவிக்கும் எல்லோரையும் கட்டுப்படுத்துபவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அனுமதி வழங்கப்படக் கூடாது. சிறப்பு விழாக்களுக்கு, அயலில் குடியிருப்போரின் கருத்தை அறிந்தபின், மட்டுப்படுத்தப்பட்ட நேரத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். மற்ற நேரங்களிலும் அனுமதி குறித்த ஒரு தேவைக்கே வழங்கப்பட வேண்டும். ஒலி அந்த வளவின் எல்லையைத் தாண்டக் கூடாது.

இங்கே "அயலில் குடியிருப்போரின் கருத்து" என்னும் நிபந்தனையை நன்கு கவனிக்க வேண்டும். கருத்தைக் கேட்கும் பொறுப்பு அனுமதி கொடுப்பவர் மீது வைக்கப்பட்டுள்ளது. தொல்லைப்படுபவர் தாமாக முன்வந்து முறையிட வேண்டும் என்ற நிலை அங்கே மாறுகிறது.

5. சட்டம் இருந்தும் சத்தம் ஏன்?

விதிகளைக் கைவிடுவதற்கு எல்லாத் தரப்பிலும் காரணம் உண்டு. பொலிஸ் அதிகாரி ஒரு சமயத்தவரின் கருவியைக் கைப்பற்றினால், மறுநாள் அது இனப் பிரச்சினையாக மாறும் என்று அஞ்சுகிறார். பிரதேச சபை உறுப்பினருக்கு வாக்குகள் பற்றிய யோசனை. விழா நடத்துபவருக்கோ, "அவர்கள் போடுகிறார்கள், நாம் ஏன் குறைக்க வேண்டும்?" என்ற போட்டி. இப்படியே ஒரு நகரத்தில் கூம்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடுகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒலிச் சட்டத்தைப் பெரும்பான்மையினர் சிறுபான்மையினர் மீது மட்டும் பிரயோகித்தால் அது நீதியல்ல, அடக்குமுறை. தனது கோபுரத்தில் நான்கு கூம்பு வைத்துக்கொண்டு, எதிர்த் தெருவின் ஒரு கூம்பைப் பற்றி மனு எழுதுபவர் அமைதியைத் தேடவில்லை. எனவே நல்ல ஒலி விதிக்கு இரண்டு அடையாளங்கள் இருக்க வேண்டும். அது எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அத்துடன், அது பலவீனமானவரைத் தனியே முன்னால் நிறுத்தாமல், அவருக்காகத் தானே பேச வேண்டும். விதி பேசுமிடத்தில் அயலவர் பகைவராக வேண்டிய தேவை இல்லை. இதுவே உள்ளூர் விதி ஒன்றின் பெரும் பயன்.

6. செயற்படுவோம்: நகரத்தின் சொந்த உடன்பாடு

உபவிதி வர்த்தமானியில் வெளிவரக் காலம் எடுக்கும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நகரத்தில் உள்ளவர்கள் கூடி ஓர் எழுத்துமூல உடன்பாட்டைச் செய்து, அதையே பின்னர் உபவிதியாக்கும்படி மன்றத்தைக் கேட்கலாம். அதற்கான படிகள் இவை.

முதற்படி, ஒலி நாட்குறிப்பு. இளைஞர் குழுவினர் ஏழு நாட்களுக்கு நேரம், ஒலியின் மூலம், நீடித்த காலம், பாதிக்கப்பட்டோர் என்பவற்றைப் பதிவு செய்யட்டும். கைத்தொலைபேசிச் செயலியால் ஒலியை அண்ணளவாக அளக்கலாம். அது விழிப்புணர்வுக்கு உதவும், ஆனால் வழக்குக்குச் சான்றாகாது. சட்ட நடவடிக்கைக்கு முறையாகச் சரிபார்க்கப்பட்ட கருவியும் பயிற்சி பெற்ற அலுவலரும் தேவை. இதற்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையை நாடலாம்.

இரண்டாம் படி, வீட்டுத் தரிசிப்பு. ஒலிபெருக்கிக்கு மிக அருகிலுள்ள இருபது வீடுகளுக்குச் சென்று நோயாளர், குழந்தைகள், பரீட்சை எழுதுவோர், இரவு வேலை செய்வோர் யார் எனக் கேட்க வேண்டும். பெயர்களை வெளியிடாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாம் படி, பொதுக் கூட்டம். கோயில் பரிபாலன சபை, பங்குப் பேரவை, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, விகாரையின் தாயக சபை, வர்த்தகர் சங்கம், பஸ் உரிமையாளர், ஒலிபெருக்கி வாடகைக்காரர், அதிபர்கள், பொதுச் சுகாதார பரிசோதகர், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, சபைத் தவிசாளர் ஆகியோர் ஒரே மேசையில் அமர வேண்டும். ஒலிபெருக்கி வாடகைக்காரரை மறந்துவிடக் கூடாது. ஒலி உண்மையில் அவரது கையில்தான் இருக்கிறது. அது அவருடைய பிழைப்பும்கூட.

உடன்பாட்டில் பின்வருவன இடம்பெறலாம்:

அ. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி இல்லை. ஆண்டுக்குரிய சிறப்பு நாட்களின் பட்டியலை எல்லாச் சமயத்தவரும் முன்கூட்டியே தயாரித்துப் பொலிசாரிடமும் அயலவரிடமும் கையளித்து, அனுமதி கோருவர்.

ஆ. கூம்புகள் இறக்கப்பட்டு, வளவினுள் பெட்டி ஒலிபெருக்கிகள் உள்நோக்கி வைக்கப்படும்.

இ. வைத்தியசாலை, பாடசாலை ஆகியவற்றிலிருந்து 100 மீற்றருக்குள் ஊர்வலமும் விளம்பர வாகனமும் ஒலியின்றிச் செல்லும்.

ஈ. பொதுப் பரீட்சைக் காலங்களில் கடை விளம்பரம், வீட்டு விழா ஒலிபெருக்கி என்பன நிறுத்தப்படும்.

உ. ஆலைகளும் பட்டறைகளும் குறித்த நேரத்தில் மூடப்படும். மின்பிறப்பாக்கிக்கு மறைப்பு அமைக்கப்படும்.

ஊ. சாவீட்டுக்கு ஒலிபெருக்கி கட்டினால், இறுதிக் கிரியை நேரத்துக்கு மட்டும்.

எ. முறைப்பாட்டைப் பெறுவதற்கு இரண்டு பொறுப்பாளர்கள் இருப்பர். முறையிட்டவரின் பெயரைச் சொல்லாமல் அவர்களே சென்று பேசுவர். பேச்சு பயன் தராவிட்டால் மட்டும் பொலிஸ், இணக்க சபை, நீதிமன்றம் என்ற வழிகள்.

நான்காம் படியே கடினமானது. உடன்பாட்டைக் கேட்ட நிறுவனமே அதை முதலில் தனக்குப் பிரயோகிக்க வேண்டும். கூட்டத்தைக் கூட்டுவது ஆலயமானால் ஆலயத்தின் கூம்பு முதலில் இறங்க வேண்டும். கோயிலானால் கோயிலின் கூம்பு. மற்றவர் இறக்கும்வரை காத்திருப்போம் என்றால் எந்தக் கூம்பும் இறங்காது.

7. சில மறுப்புகள்

"ஒலிபெருக்கியில் கேட்டால்தானே வீட்டிலிருக்கும் நோயாளியும் பூசையில் பங்குபற்றலாம்?" என்று சிலர் கேட்பர். விரும்பிக் கேட்பவருக்கு இன்று கைத்தொலைபேசியும் வானொலியும் உண்டு. விரும்பாதவருக்கோ காதை மூடிக்கொள்ள வழியில்லை. கேட்க விரும்புபவரைத் தேடிச் செல்வதும், விரும்பாதவரைக் கட்டாயமாகக் கேட்கவைப்பதும் ஒன்றல்ல.

"இது எமது பண்பாடு" என்பர் வேறு சிலர். நாதஸ்வரமும் தவிலும் பறையும் மணியும் பாங்கும் பண்பாட்டில் நிச்சயமாக உண்டு. மின்சாரக் கூம்போ கடந்த நூற்றாண்டில் வந்த கருவி. அதைக் குறைப்பதால் தவிலின் பெருமை குறையாது.

"ஏழைகளின் ஒரே மகிழ்ச்சி விழாதானே, அதையும் பறிப்பதா?" என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஓலை, தகரக் கொட்டில்களிலும் லயன் அறைகளிலும் வாழ்வோரிடம் ஒலியைத் தடுக்கும் சுவரும் கண்ணாடி யன்னலும் இல்லை. சத்தத்தால் அதிகம் பாதிக்கப்படுவோர் அவர்களே. விழா அவர்களுக்கு இருக்கட்டும். அதன்பின் உறக்கமும் இருக்கட்டும்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. எமது நகரத்தில் கடந்த ஒரு வாரத்தில் இரவு 10 மணிக்குப்பின் எழுந்த ஒலிகள் எவை? அவற்றுள் எமது அமைப்புக்குச் சொந்தமானவை எவை?

2. எமது ஒலிபெருக்கிக்கு மிக அருகிலுள்ள வீட்டில் வாழ்பவர் யார்? அவருடைய கருத்தை நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

3. எமது பிரதேச சபையில் அல்லது நகர சபையில் ஒலி பற்றிய உபவிதி உண்டா? சபைச் செயலாளரிடம் கேட்டறிந்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருபவர் யார்?

4. சத்தத்தைப் பற்றி முறையிடுபவர் எமது ஊரில் எவ்வாறு நடத்தப்படுகிறார்? அவரைக் காப்பாற்ற என்ன ஒழுங்கு செய்யலாம்?

5. மற்றவரிடம் எதுவும் கேட்பதற்குமுன், இம்மாதமே எமது வளவில் நாம் செய்யக்கூடிய ஒரு மாற்றம் எது?

ஐந்தாவது கேள்விக்குரிய விடையைத் திகதியுடன் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி, குழுவினர் அனைவரும் ஒப்பமிட வேண்டும். ஒரு மாதத்தின் பின் அந்த இருபது வீடுகளுக்கும் மீண்டும் சென்று, இப்போது இரவு எப்படிக் கழிகிறது என்று கேட்டுப் பார்ப்போம். எமது முயற்சி பயன் தந்ததா என்பதை அவர்கள் சொல்வார்கள்.